தங்க அகப்பையும் கை நிறைய உப்பும்

முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மஸீனாவுக்குத் தோற்கவே தெரியாது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்தத் தொலைக்காட்சி சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. தோற்பதற்காக அந்த மனுசி நாய் படாத பாடு பட்டாள். ஒருவரும் தோற்க விடவில்லை.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தவள் மகள் பஸ்னா. வயிற்றில் தலைப்பிள்ளையோடு வீட்டில் சும்மா இருந்தவள், உம்மா மீன் குழம்பு வைப்பதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து 'தங்க அகப்பை' என்ற சமையல் போட்டிக்கு அனுப்பிவிட்டாள். கொழும்பில் இருக்கிற ஒரு தொலைக்காட்சி நிலையம் நடத்துகிற போட்டி அது. இந்த வருடம் வன்னியின் ருசியை உலகத்துக்குக் காட்டியே தீருவோம் என்று கிளிநொச்சியில் ஒரு கலியாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். கீழே சமையல், மேல்மாடியில் போட்டியாளருக்குப் படுக்கை, சுற்றிவர உயர்ந்த மதில், வாசலில் ஒரு காவல்காரர்.

"பிள்ளைப்பேறு வருது. நான் எங்க போறது?" என்றாள் மஸீனா.

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கு உம்மா. ஒரு கிழமை போய் நிண்டு, தோத்துப்போட்டு வாங்கோ. கடைக்கும் ஒரு பேர் வரும்" என்றாள் பஸ்னா.

பிள்ளை பெற்ற மகளுக்கு முதல் பத்தியக் கறியை உம்மாவின் கையால்தான் ஆக்கிக் கொடுக்க வேண்டும். அது அந்த வீட்டில் பேசித் தீர்த்த விசயம். மிளகும் மல்லியும் வேர்க்கொம்பும் கூட வாங்கிக் காயவைத்தாகிவிட்டது. ஒரு கிழமைதானே என்று மஸீனா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாசலில் நின்ற காவல்காரர் இளையதம்பி அவளுடைய தொலைபேசியை வாங்கினார். பிறகு அடையாள அட்டையையும் வாங்கினார்.

"இது என்னத்துக்கு?"

"எனக்கும் தெரியாது தங்கச்சி. பாதுகாப்புக்காம்."

வன்னியில் சோதனைச் சாவடிகளோடு கொஞ்சக் காலம் வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். கையில் அட்டை இல்லையென்றால் கால் தானாகவே நின்றுவிடும். மதிலும் காவலும் அதற்குப் பிறகு வெறும் அலங்காரம்தான்.

நிகழ்ச்சியை நடத்தியவன் ரூபன் என்ற இளம் தயாரிப்பாளர். காதில் மாட்டிய கருவியில் யாரோடோ எந்நேரமும் கதைத்துக்கொண்டே எதிரில் நிற்பவரைப் பார்த்துத் தலையாட்டுவான். நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐயாத்துரை. நட்சத்திர ஹோட்டல்களில் தர்ப்பூசணியில் அன்னப்பறவை செதுக்கிப் பெயரெடுத்தவர். அடுத்தவர் நிசாந்தினி. நாடகத் தொடர்களில் அழுது புகழ் பெற்ற நடிகை. உடம்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறவர் என்பதால் படப்பிடிப்பு முடியும்வரை வாயில் ஒன்றும் வைக்கமாட்டார். கரண்டியை உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். ருசி பார்த்தல் என்றால் அதுதான்.

முதல் நாள் மஸீனா பாரை மீன் குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் வைத்தாள், கூலிக்கு வேலை செய்கிறவள் இல்லையே. பக்கத்து அடுப்பில் நின்றவள் ராஜினி. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறி வயல் செய்கிற குடும்பத்துப் பெண். வென்றவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேண்டிய அத்தனை சாமானும் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். ராஜினி வந்தது அதற்காக. அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

சமையல் நடுவில் ராஜினியின் அடுப்பு அணைந்தது. சிலிண்டரில் காஸ் இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டேயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மஸீனாவின் முகத்தில் வெளிச்சம் சரியாக விழவில்லை என்றார்கள். உடனே கடிகாரம் நின்றது.

"என்ர அடுப்பில வை பிள்ளை" என்று மஸீனா இடம் விட்டுக்கொடுத்தாள்.

ஐயாத்துரை ராஜினியின் சட்டியை எட்டிப் பார்த்தார். "நேரத்தை ஆளத் தெரிந்தவர்தான் சமையல்காரர். காஸ் முடியும் என்பதை ஒரு நல்ல சமையல்காரர் முதலே உணர்ந்திருப்பார்" என்றார். ராஜினி ஓம் என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வது?

பிறகு மஸீனாவிடம் வந்தார்கள். குழம்பை ஒருவரும் கேட்கவில்லை.

"முல்லைத்தீவை விட்டுப் போகேக்க உங்களுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார் நிசாந்தினி.

"சின்னப் பிள்ளை. எட்டு வயசிருக்கும். எங்கட முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. புத்தளத்தில முகாமில இருந்தனாங்கள்."

ரூபனின் கண் பளிச்சென்றது. கருவியில் கதைப்பதை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"அன்ரி, இதை இன்னொருக்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ. சொல்லேக்க அகப்பையைப் பிடிச்சிருங்கோ. அழுகை வந்தா அடக்க வேண்டாம்."

மஸீனா மெதுவாகச் சொன்னாள். அழுகை வரவில்லை. மீன் உடைந்துவிடுமோ என்ற கவலைதான் வந்தது. நூறு புள்ளியில் ருசிக்குப் பத்து, தோற்றத்துக்கு இருபது, அனுசரணை தந்த கம்பனியின் மிளகாய்த்தூளை எடுப்பாகக் கையாண்ட விதத்துக்கு இருபது, மிச்சம் ஐம்பதும் உணர்வுக்கு என்று அன்றுதான் தெரியவந்தது. அந்த ஐம்பதும் அவளுக்குக் கிடைத்தது.

ஒரு கிழமை முடிந்தது. தோற்றவர்கள் ஆளுக்கொரு பிரஷர் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் பஸ்சுக்கு நடந்து போவதை மஸீனா மேல்மாடி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்த கிழமையும் அப்படியே போனது. மகளின் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ரூபனிடம் போய்க் கேட்டாள்.

"தம்பி, நான் போட்டுவாறன். எனக்குப் பரிசும் வேண்டாம், பேரும் வேண்டாம்."

"ஐயோ அன்ரி, இஞ்ச ஒருத்தரையும் நாங்கள் பிடிச்சு வைக்கேல்லை. நீங்கள் விரும்பினா எப்பவும் போகலாம்."

"அப்ப அட்டையைத் தாங்கோவன்."

"தாறம். முதல்ல நீங்கள் தோக்க வேணும். தோக்காத ஆளை அனுப்பினா போட்டியின்ர நேர்மை என்னாகிறது?"

"ஒருக்கா மகளோட கதைக்கவாவது விடுங்கோ."

"கதைச்சா உங்கட மனநிலை மாறீரும். மற்றப் போட்டியாளருக்கு அது அநியாயமெல்லோ."

அநியாயம் என்ற சொல்லை அவன் அவ்வளவு அழகாகச் சொன்னான். சரி, தோற்கத்தானே வேண்டும், அதில் என்ன பெரிய வித்தை என்று மஸீனா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் இறால் கறிக்கு உப்பை அள்ளி அள்ளிப் போட்டாள். போட்டவளுக்கே கை கூசியது. சாப்பாட்டுக் கடைக்காரி உப்பைப் பாழாக்குவது லேசான காரியமில்லை. ஐயாத்துரை ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். மஸீனாவின் நெஞ்சு குளிர்ந்தது.

"இது உப்பு அல்ல" என்றார் ஐயாத்துரை, குரல் கரகரக்க. "இது ஒரு சமூகத்தின் கண்ணீர். இந்தக் கறியைத் திருத்த எனக்குத் தகுதி இல்லை."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எழுந்து நிற்கச் சொல்லி ரூபன் கைகாட்டியிருந்தான்.

அதற்கடுத்த நாள் கத்தரிக்காயைக் கரியாக்கினாள். எரிந்த மண்ணின் வாசனை என்றார்கள். சோற்றை அரை அவியலில் இறக்கினாள். துணிச்சல் என்றார்கள். இனிப்பான வட்டிலப்பத்துக்குள் அனுசரணைக் கம்பனியின் மிளகாய்த்தூளைக் கொட்டினாள். கம்பனிக்காரரே மேடைக்கு வந்து பொன்னாடை போர்த்தினார். இனி என்னதான் செய்வது? நஞ்சைப் போட்டாலும் தாயன்பு என்றுதான் சொல்வார்கள் போலிருந்தது. உப்பு மட்டும் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது, எப்போதாவது ஒருவர் வாய் திறந்து சொல்லமாட்டாரா என்ற நப்பாசையில்.

போட்டியில் இன்னும் நின்றவர்களில் கறியைக் கறியாக வைத்தவள் ராஜினி ஒருத்திதான். அன்று அவள் வைத்த நாட்டுக்கோழிக் கறியின் வாசத்துக்குக் கமராக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்கள். ஐயாத்துரை சட்டியை வழித்துச் சாப்பிட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ராஜினி, உங்கள் சாப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எங்கள் கவலை. பிழையே இல்லாத இடத்தில் நடுவருக்கு என்ன வேலை? மஸீனாவின் கறியைச் சாப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உங்கள் கறியைச் சாப்பிட்டபோது இன்னும் கொஞ்சம் சோறு கேட்கத்தான் தோன்றியது. இது பசியாற்றுகிற நிகழ்ச்சி அல்ல, தங்கச்சி."

ராஜினி பிரஷர் குக்கரை வாங்கிக்கொண்டாள். மேல்மாடியில் அவள் துணிகளை மடிக்கும்போது மஸீனாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. நான் தோக்கத்தான் பாத்தனான்."

"தெரியும் அக்கா. நீங்க உப்புப் போடுற நேரம் நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். எனக்கு வயிறு எரிஞ்சுது, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒங்க மேல இல்ல."

மகளின் தொலைபேசி இலக்கத்தை ராஜினியிடம் சொல்லி, சுகம் விசாரிக்கச் சொன்னாள் மஸீனா. ராஜினி அதைத் தன் கையிலேயே எழுதிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு வந்தது 'ஞாபகச் சுற்று'. மேடையில் நீல நிறத் தறப்பாளில் ஒரு கூடாரம் அடித்திருந்தார்கள். கூடாரத்துக்குள் குளிரூட்டி வைத்திருந்தார்கள். ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் மா, நாலு விறகு. நிவாரணச் சாமானில் சமைக்க வேண்டும், அதுதான் சவால்.  அதைப் பார்த்ததும் மஸீனாவுக்கு, புத்தளம் முகாமில் தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் தன் உம்மா பருப்பு அவித்தது ஞாபகம் வந்தது. அதை விளையாட்டுச் சாமான் மாதிரி வைத்திருக்கிறார்களே என்று ஆத்திரமும் வந்தது. வித்தை ஒன்றும் காட்டாமல், உம்மா வைத்தது போலவே பருப்பையும் தண்ணீரையும் மட்டும் அவித்து வைத்தாள்.

ஐயாத்துரை உதட்டைப் பிதுக்கினார்.

"இதில் முகாம் இல்லை. மன்னிக்க வேண்டும், நான் இதை ஆராய்ந்தவன். போன வருடம் எங்கள் ஹோட்டலில் 'அகதி இரவு' என்று ஒரு விருந்து வைத்தோம். பருப்புக்குள் தேங்காய்ப் பாலும் சிங்கி இறாலும் போட்டோம். வந்த விருந்தினர் அத்தனை பேரும் கண் கலங்கினார்கள். உண்மையான முகாமின் ருசி அப்படித்தான் இருக்கும். நீங்கள் அதை அனுபவித்துச் சமைக்கவில்லை."

மஸீனாவுக்கு ஆத்திரம் அடங்கி ஆசை பிறந்தது. தோற்றுவிட்டேன் என்று நினைத்தாள். கூடாரத்துக்குள் நின்றபடியே மனதுக்குள் பையை அடுக்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து நிசாந்தினி கையை உயர்த்தினார்.

"சாப்பாட்டில் குறை இருக்கலாம். ஆனால் சற்று முன் இவரது முகத்தைப் பார்த்தீர்களா? எத்தனை வலி! அந்த முகத்துக்காக என் ஐம்பது புள்ளிகளையும் தருகிறேன்."

அது ஆத்திரம் என்று யாருக்குச் சொல்வது? மஸீனா இறுதிச் சுற்றுக்குப் போனாள்.

இறுதிச் சுற்றில் அவளுக்கு எதிரில் நின்றவர் ஒட்டுசுட்டானில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நல்லதம்பி. யானை வந்து தன் குசினிச் சுவரை இடித்த கதையைச் சொல்லிச் சொல்லியே அதுவரை வந்து சேர்ந்தவர். ஒவ்வொரு சுற்றுக்கும் யானை கொஞ்சம் வளர்ந்துகொண்டு வந்தது. மண்டபம் நிறையச் சனம். கைதட்ட ஆள் வேண்டுமென்று தோற்றவர்களையும் திருப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். ராஜினி பின்வரிசைக் கதிரையில் இருந்தாள். மஸீனாவைக் கண்டதும் ஏதோ சொல்ல எழும்பப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற நிகழ்ச்சி ஆள் இருத்திவிட்டான்.

"அன்ரி, திரையைப் பாருங்கோ" என்றான் ரூபன்.

திரையில் பஸ்னா. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலைமாட்டில் புருசன் சிறாஜ் நிற்க, மடியில் துணியால் சுற்றிய ஒரு சின்ன உயிர். "உம்மா, பெண் பிள்ளை. முந்தாநாள் பிறந்தது. எப்ப வாறீங்கள்?" என்றாள் பஸ்னா. அவள் சிரிக்கப் பார்த்தாள், சரியாகச் சிரிக்க வரவில்லை.

கமராக்கள் மூன்றும் மஸீனாவின் முகத்துக்குக் கிட்ட வந்தன. 

"முந்தாநாளோ?" என்று கேட்டாள் மஸீனா.

"ஓம் அன்ரி. மருமகன் வாசலுக்கு வந்து சொன்னவர். நாங்கள்தான் இண்டைக்கு எண்டு பத்திரமா வைச்சிருந்தனாங்கள்."

கண்ணீர் வரவில்லை.  இவனுடைய கன்னத்தில் ஒன்று கொடுத்தால் என்ன என்று நினைத்தாள். கொடுத்தால் அதற்கும் புள்ளி போடுவார்கள்.

ரூபன் கொஞ்ச நேரம் பார்த்தான். "வரேல்லையோ? பரவாயில்லை. வெங்காயம் கொண்டு வாங்கோ" என்று கருவிக்குள் சொன்னான்.

கடைசிச் சவாலை ஐயாத்துரை அறிவித்தார். பேத்தியின் வரவுக்கு ஒரு விருந்து. நல்லதம்பிக்குப் பேத்தி பிறக்கவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் யானையோடு இருந்தார்.

மஸீனா பால்சுறா மீன் கேட்டாள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு கேட்டாள். அம்மியில் வைத்துச் சரக்கை அரைத்தாள். ரூபன் மிளகாய்த்தூள் பையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"பத்தியத்துக்கு மிளகாய் ஆகாது தம்பி. பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிறு எரியும்."

"கம்பனிக்காரர் முன்வரிசையில இருக்கிறார் அன்ரி."

"அவருக்கு வேறயாக் கரைச்சுக் குடுங்கோ."

கறி கொதித்தது. மஸீனா கையால் அள்ளி உப்புப் போட்டாள். ருசி பார்க்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிய முதல் கறியில் அவளுக்கு முன் வேறொருவர் வாய் வைப்பதில்லை, ஆக்கியவரும் வைப்பதில்லை. அது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கம் நினைவுக்கு வந்தபோதுதான் அவளுக்கு ஒரு விசயம் உறைத்தது. இந்தச் சட்டியை இந்த இரண்டு பேருக்கும் முன்னால் வைக்க முடியாது. செத்தாலும் முடியாது.

நடுவர்களுக்கு முகப்பூச்சுத் திருத்த வேண்டுமென்று படப்பிடிப்பை நிறுத்தினார்கள். மஸீனா சட்டியை மூடினாள். மூடியின் மேலால் ஒரு துணியைப் போட்டு இறுக்கிக் கட்டினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்கதவால் இறங்கி, முற்றத்தைக் கடந்து வாசலுக்கு நடந்தாள். ஒருவரும் மறிக்கவில்லை, சட்டியோடு போகிற பொம்பிளையை ஆர் கவனிக்கிறார்கள்.

வாசலில் இளையதம்பி எழும்பினார்.

"எங்க தங்கச்சி? உங்கட அட்டை உள்ளுக்கெல்லோ கிடக்கு."

மஸீனாவின் கால் நின்றுவிட்டது. பழைய பயம். 

"மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு அண்ணை. பத்தியம் கொண்டுபோறன்."

இளையதம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தார். துணிக்கு மேலால் மிளகு வாசம் வந்தது. அவருக்குத் தந்த கட்டளைகள் பல. போட்டியாளரை விடாதே, அட்டை இல்லாதவரை விடாதே, ரூபன் சொல்லாமல் யாரையும் விடாதே. பத்தியச் சட்டியை மறி என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் மறித்திருக்கமாட்டார், வீட்டில் தாயும் மனிசியும் உள்ள ஆள்.

"ஆற முன்னம் போங்கோ" என்று கதவைத் திறந்தார். "முல்லைத்தீவு பஸ் இப்ப வரும். அட்டையை நான் பிறகு கொண்டந்து தாறன்."

பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பரந்தன் கழிந்து, உடையார்கட்டு கழிந்து, புதுக்குடியிருப்பு வரும்வரை பின்னால் வான் ஏதும் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் ஆரும் உங்களைத் துரத்திக் கலைக்கிறாங்களோ என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றாள் மஸீனா.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். பேத்தியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பஸ்னா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மகளின் தொலைபேசி அடித்தது, பஸ்னா எடுத்து உம்மாவிடம் நீட்டினாள். ராஜினி.

"அக்கா, நீங்கதான் ஜெயிச்சிட்டீங்க."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? கறி என்னட்டயெல்லோ இருக்கு."

"அதான் அக்கா. சட்டியக் காணோம்னு ஓடித் திரிஞ்சாங்க. பொறகு நேரம் போகுதுன்னு வெறும் மண்சட்டியொண்ண மூடி வச்சாங்க. அந்த நடிகை கரண்டிய வாய்க்கிட்டக் கொண்டுபோய்க் கண்ண மூடிக்கிட்டாங்க. தாய்மையின் மணமாம். அந்த ஐயா விரல நக்கிட்டு, இந்த மேடையில இவ்வளவு மட்டான உப்ப நான் சந்திச்சதே இல்லன்னாரு. நூத்துக்கு நூறு. நல்லதம்பி ஐயா பாவம், அழுதிட்டாரு."

மஸீனா துணி கட்டிய சட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பரிசெல்லாம் வான்ல ஏத்திட்டாங்க. ஒங்க ஊருக்குத்தான் வர்றாங்களாம். அடுத்தது முழு இலங்கைக்கும் போட்டியாம், ஒங்களக் கட்டாயம் கூட்டிக்கிட்டுப் போவாங்களாம். அட்டை அவங்க கையிலதான் இருக்குன்னு ரூபன் சிரிக்கிறாரு."

மஸீனா பேத்தியைக் கட்டிலில் கிடத்தினாள். 

"நீ அந்த வானில ஏறு பிள்ளை. சாமானெல்லாத்தையும் உன்ர வீட்டில இறக்குவி. நான் தந்தனான் எண்டு சொல்லு."

"குடுப்பாங்களா அக்கா?"

"சும்மா கேட்டாக் குடுக்கமாட்டாங்கள். உன்ர அடுப்பையும் யானை இடிச்சது எண்டு சொல்லு."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சட்டியை அவிழ்த்தாள். கறி இன்னும் இளஞ்சூடாக இருந்தது. சோற்றைப் பிசைந்து, மகளுக்கு முதல் வாய் ஊட்டினாள். பஸ்னா மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். மெதுவாக விழுங்கினாள். உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா விடலாமா என்று யோசித்தாள். பஸ்னா, கறியில் பொய் சொல்லத் தெரியாத அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை.

"உம்மா, உப்புக் கூடிப்போச்சு."

மஸீனாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. பிறகு முகம் உடைந்தது. அகப்பையைப் பிடித்தும் வராத கண்ணீர், மூன்று கமராவுக்கும் வராத கண்ணீர், பிள்ளைப்பேற்று வாட்டில் எல்லோரும் பார்க்க ஓவென்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். பஸ்னா பயந்துபோனாள்.

"நான் சும்மா சொன்னனான் உம்மா. பரவாயில்லை, திண்டிருவன்."

மஸீனா முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது.

"இல்ல மகள்" என்றாள். "இன்னொருக்காச் சொல்லு."